பன்னிரண்டு கதவுகளுக்கு மட்டும்

ஸ்பிண்டில் இயந்திரத்தின் முன்னே பணிவு ஆகாது. சந்நிதியில் குனிந்து நிற்பதையே பேறாக எண்ணுபவன் நான். ஆயினும் அந்த இரும்பு மேசையின் முன் முப்பது ஆண்டுகள் நிமிர்ந்தே நின்றேன். மேசையின் நடுவே ஒரு தண்டு செங்குத்தாக எழுந்திருக்கும். பல் வைத்த வட்டத் தட்டுகளை அதில் கோத்து, மேலே திருகை முடுக்கி ஓட விட்டால், தட்டுகள் கண்ணுக்குத் தெரியா. மங்கலான ஒரு வளையம் மட்டும் தெரியும். மரத்தை அந்த வளையத்துக்கு ஊட்ட வேண்டும். தயங்கினால் மரம் கருகும். அஞ்சிப் பின்னால் இழுத்தால், கையிலிருந்து பிடுங்கி அடிவயிற்றில் எறியும். எனக்கு முன் அங்கே நின்றவர் இரண்டு விரல்களை அதற்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தார். அவர் போன பிறகு அதைத் தொட யாரும் முன்வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து மரப் பட்டறை ஒன்றில் அவ்வேலையைக் கற்றிருந்த என்னை, டிக்கெட் வாங்கி அனுப்பி வரவழைத்தார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. போர்ட் பிளேரின் சாத்தம் துறையிலிருந்து படகில் கடந்து சேரும் பாம்பூஃப்ளாட்டில், கரையை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை. டீசல் இன்ஜின் ஒன்று பின்புறம் இரைந்துகொண்டிருக்க, அதிலிருந்து பட்டைகள் ஓடி ஒவ்வோர் இயந்திரத்தையும் சுழற்றும். முதலாளி இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்து, போர்ட் பிளேரில் துணிக்கடை வைத்து வளர்ந்து, பிறகு மர ஒப்பந்தங்களிலும் இறங்கிய முஸ்லிம் பெரியவர். நாங்கள் அவரைப் பாய் என்போம். என் நெற்றி நீற்றைக் கண்டு அவர் என்னைச் சாமி என்றழைத்தார். அன்றிலிருந்து பட்டறையில் எனக்கு வேறு பெயர் இல்லாமற் போயிற்று. நாங்கள் அறுத்தது தீவின் படாக்கு மரம்; அதன் தூள் செந்நிறமானது. காலையில் வெண்ணீறு பூசிச் செல்வேன்; மாலைக்குள் அது குங்குமமாகியிருக்கும். "சைவத்துல போய் சாக்தத்துல வர்றீங்க" என்பாள் என் மனைவி. பட்டறைக்குப் பின்னால் முதலாளி கொடுத்திருந்த ஓர் அறையில்தான் நாங்கள் இருவரும் இருந்தோம்.

வேலை இரண்டு வகை. கதவின் சட்டங்களில் பலகை நுழைந்து அமர்வதற்கான நீண்ட பள்ளம் வெட்டுவது ஒன்று. அதைக் காடி என்போம். குறுக்குச் சட்டத்தின் முனையில் நாக்கு விடுவது மற்றொன்று. அந்த நாக்கு நெடுஞ்சட்டத்தின் துளைக்குள் புகுந்துதான் கதவைக் கதவாக நிறுத்துகிறது. நாக்குக்கு இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்டில் கோப்போம். நடுவே இரும்பு வளையங்கள். மேல் தட்டு மேற்புறத்தையும் கீழ்த் தட்டு கீழ்ப்புறத்தையும் சீவிவிட, இடையே வெட்டுப்படாமல் எஞ்சுவது நாக்கு. ஆக, வளையம் எவ்வளவு தடிமனோ நாக்கும் அவ்வளவு தடிமன். துளை நாலு நூல், அதாவது அரை அங்குலம், அகலம் என்றால் நாக்கும் நாலு நூல். ஆனால் மயிரிழை கூடினால் ஏறாது, மயிரிழை குறைந்தால் நிற்காது. அந்த மயிரிழைக்காகவே, தட்டுகளின் இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் மெல்லிய தகடுகள் ஒரு டப்பாவில் சென்னையிலிருந்து வர வேண்டும். இயந்திரம் வந்தது, டப்பா வரவில்லை. அடுத்த கப்பல், அதற்கடுத்த கப்பல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

நான் காகிதத்தில் வளையம் வெட்டிக்கொண்டேன். ஊரிலும் அப்படித்தான் செய்வோம். தீவில் நல்ல கெட்டிக் காகிதத்துக்கு ஒரே ஊற்று, கல்யாணப் பத்திரிகை. ஊரிலிருந்து எங்கள் எல்லோருக்கும் பத்திரிகைகள் வரும். தாலி கட்டி, மறுவீடு முடிந்து, சில சமயம் மணமகள் கருவுற்ற பிறகு வரும். படித்து, மகிழ்ந்து, வாழ்த்துக் கடிதம் எழுதிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார்கள். மஞ்சள் தடவிய நான்கு முனைகளையும், தலைப்பில் அச்சிட்ட பிள்ளையாரையும், பெரியோர் பெயர்களையும் முதலில் வெட்டி எடுத்துப் பூசைப் பெட்டியில் வைப்பேன். எஞ்சிய வெற்றுப் பகுதியில்தான் வளையம். அப்படி எத்தனையோ தம்பதியர் என் தண்டில் சுழன்றிருக்கிறார்கள்.

காடிக்கும் ஒரு கருவி இருந்தது. இரு பாதிகளாகப் பிரிந்து, ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளியில் அமரும் தட்டு. நடுவே வளையம் சேர்க்கச் சேர்க்கக் காடி அகலும். அது நல்ல கருவி. அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. பின்னால் வந்த வழக்கில் அது சாட்சியாகக்கூட நிற்கவில்லை.

வழக்கு என்று சொல்கிறேன். நீதிமன்றம் எதுவும் இல்லை. அரசாங்கக் குடியிருப்புகளுக்கு நாற்பத்து நாலு கதவுகள் செய்ய முதலாளி ஒப்பந்தம் எடுத்திருந்தார். அவற்றைப் பற்றிய வழக்கு.

முதல் முப்பது கதவுகளின் சட்டங்களைக் கார்த்திகை மழையில் வெட்டினேன். ஒவ்வொரு கதவின் சட்டங்களுக்கும் ஒரே எண் இட்டு, வரிசையாக வெட்டுவது வழக்கம். முதல் பதினெட்டுக்கு ஒரு குறையும் இல்லை. பத்தொன்பதாவதை ஒரு காலையில் தொடங்கினேன். அன்று வானம் விடியவே இல்லை என்று சொல்லும்படி மழை. வெட்டி வைத்திருந்த காகித வளையங்களை எடுத்துக் கோத்தேன். வீண் துண்டொன்றில் ஒரு நாக்கு வெட்டிப் பார்த்தேன். துளையில் வைத்துக் கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதும் இறுக்கமாக அமர்ந்தது. திருப்தியோடு வேலையைத் தொடங்கினேன். காலையில் ஒருமுறை சோதித்தால் மாலை வரை போதும் என்பது ஊரில் நான் கற்ற பாடம். ஒரு சட்டத்தைத் தள்ளி முடிப்பதற்கு எவ்வளவு நேரம் என்பதற்கு என்னிடம் கடிகாரம் இருந்ததில்லை. ஒரு பதிகத்தின் ஒரு பாட்டை மனத்துக்குள் நிதானமாகச் சொல்லி முடிக்கும் நேரம். அன்று பாட்டில் ஆழ்ந்திருந்தேன். கருவியில் ஆழ்ந்திருக்க வேண்டியவன் பாட்டில் ஆழ்ந்திருந்தேன்.

காகிதம் ஈரத்தில் ஊறியிருந்தது. ஊறிய காகிதம் காலையில் பருமனாகத்தான் இருக்கும். தண்டு சூடேறச் சூடேற அது உலர்ந்து, திருகின் அழுத்தத்தில் நசுங்கி மெலிந்தது. தட்டுகள் நெருங்கின. நாக்கும் சட்டத்துக்குச் சட்டம் மெலிந்துகொண்டே போயிற்று. ஊரின் வறண்ட காற்றில் இது நடக்காது. தீவுக்கு வந்து ஊர்ப் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டவனுக்கு மட்டுமே நடக்கும்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கதவுகளைச் சேர்த்துப் பூட்டும் மிஸ்திரி கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர். பேச்சு குறைவு, கை சுத்தம். அன்று பிற்பகல் ஒரு சட்டத்தோடு என்னிடம் வந்தார். நாக்கைத் துளைக்குள் வைத்து, கொட்டாப்புளி இல்லாமல், கட்டை விரலால் அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது.

"சாமி, டீலா ஹை" என்றார். தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

"பசை பகட் லேகா, தாதா" என்றேன். பசை பிடித்துக்கொள்ளும், அண்ணா என்று. மறுபடி தட்டுகளைப் பிரித்துக் கோக்க எனக்கு அலுப்பு.

அவர் நாக்கைத் துளையிலிருந்து உருவிக்கொண்டார். "ஆப் போல்தே ஹை தோ டீக்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். நீங்கள் சொன்னால் சரி. அந்தச் சொல்லை இன்றும் நான் வழிபாட்டில் நினைப்பதுண்டு. அது என்னைக் குத்த வேண்டிய இடத்தில் குத்துகிறது. அன்று மாலைக்குள் முப்பதாவது கதவு வரை வெட்டி முடித்தேன். பத்தொன்பதிலிருந்து முப்பது. பன்னிரண்டு கதவுகள். மறுநாள் புதிய வளையம் கோத்தேன். வேறு வேலை தொடங்கியது.

தை மாதம் வெயில் வந்தது. முடிந்த முப்பது கதவுகளைப் பார்க்க அதிகாரி ஒருவர் வந்தார். மழைக் காலத்தில் செய்த பலகைகள் வெயிலில் சுருங்கி, காடிக்குள் கொஞ்சம் ஆடின. அப்படி ஆடுவதே முறை. காடியின் அடியில் இரண்டு நூல் வெற்றிடம் விட்டிருப்போம். பலகை மழையில் விரியவும் வெயிலில் ஒடுங்கவும் அதுதான் இடம். அதிகாரி ஒரு கதவைப் பிடித்து உலுக்கினார். பலகை லொடலொடவென்றது. "என்ன இது, கிலுகிலுப்பையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பட்டறையின் சூப்பர்வைசர் சென்னையில் டிப்ளமா படித்து வந்தவர். வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த ஒரு கேள்வியில் அவர் வெந்துபோனார். மீதிப் பதினாலு கதவுகளுக்குப் பலகைகளைக் காடியின் அடிவரை முட்டும்படி அறுக்கச் சொன்னார்.

"சார், மழை வந்தா பலகை விரியும். இடம் இல்லேன்னா சட்டத்தைத் தள்ளும்" என்றேன்.

"காடி வெட்டறது உம்ம வேலை. பலகை எவ்வளவுங்கறது என் வேலை. உம்ம காடியை ஒழுங்கா வெட்டும்."

வெட்டினேன். காடி ஒழுங்காகவே இருந்தது. நாக்குகளும் அந்தப் பதினாலு கதவுகளிலும் கொட்டாப்புளிக்கு மட்டுமே இறங்கின. வெயில் காலத்தில் காகிதம் பொய் சொல்லவில்லை. பலகைகள் அடிவரை முட்டின. உலுக்கினால் ஓசையில்லை. அதிகாரி மகிழ்ந்தார். நாற்பத்து நாலும் போய்ச் சேர்ந்தன.

வைகாசியில் மழை பிடித்தது. ஆனி முடிவதற்குள் இருபத்தாறு கதவுகள் லாரியில் திரும்பி வந்து, பட்டறைச் சுவரோரம் நோயாளிகளைப்போல் சாய்ந்து நின்றன. மூலைகள் வாய் பிளந்திருந்தன. எண்களைப் பார்த்தேன். பத்தொன்பது முதல் நாற்பத்து நாலு வரை, ஒன்று விடாமல்.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் என்னைத் தம் மேசைக்கு அழைத்தார். ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட ஒரு தாள். இருபத்தாறு கதவுகளும் ஸ்பிண்டில் இயக்குபவரின் கவனக்குறைவால், நாக்குகள் மெலிந்து, கெட்டன என்று அதில் எழுதியிருப்பதாகத் தமிழில் சொன்னார். கீழே கையெழுத்திட வேண்டும். இட்டால், எச்சரிக்கையோடு வேலையில் இருக்கலாம். இடாவிட்டால், அடுத்த புதன்கிழமை சென்னைக்குப் புறப்படும் கப்பலில் எனக்கும் என் மனைவிக்கும் இடம் போட்டாகிவிட்டது.

தீவில் அந்நாளில் ஒருவனை அடிக்க வேண்டியதில்லை. கப்பலின் பெயரைச் சொன்னால் போதும். வேலை போனால் அறை போகும். அறை போனால் நிற்க மண் இல்லை. ஊரில் எங்களுக்கென்று எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

"பன்னிரண்டுக்குப் போடறேன் சார். இருபத்தாறுக்குப் போட மாட்டேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சுற்றிலும் ஆட்கள் வேலையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகவே குரலை உயர்த்தினார்.

"என்ன சாமியாரே! விடிஞ்சதும் எழுந்து பாவி, பாவின்னு பாடறீர். என் பொண்டாட்டி தூங்க முடியலைங்கறா. பாட்டுல மலையளவு பாவத்தை ஒத்துக்கிறவருக்கு இருபத்தாறு கதவை ஒத்துக்க என்ன கஷ்டம்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. கேள்வி நல்ல கேள்வி. அடியவர்கள் தம்மைக் கடையரினும் கடையராகச் சொல்லிக்கொள்வதைப் பாடியே வளர்ந்தவன் நான். செய்யாத குற்றத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இறைவன் வாயிலில் போய் விழுவார்கள்.

"அது அவன்கிட்ட சொல்றது சார்" என்றேன். "அவனுக்குக் கணக்குத் தெரியும். நான் கூட்டிச் சொன்னாலும் கழிச்சு எடுத்துக்குவான். உங்களுக்குக் கூட்டத்தான் தெரியும்."

இம்முறை சிரிப்பு இன்னும் பலமாக எழுந்து, அவர் பார்வை பட்டதும் நின்றுபோயிற்று. "புதன்கிழமை பெட்டியோட ஜெட்டில நில்லும்" என்றார்.

உச்சிப் பொழுதில் சாப்பிடப் போனேன். மனைவி மீன் வாசம் வராத தெருவாக ஒன்று தீவில் கிடையாது என்று வழக்கம்போல் குறைப்பட்டுக்கொண்டே சோறு போட்டாள். நடந்ததைச் சொன்னேன். இடுப்பில் கைவைத்து நின்று கேட்டாள்.

"பன்னிரண்டு உங்களுதுங்கறது நெசமா? இல்ல, மனசு ஆறறதுக்குச் சொல்றீங்களா?"

"நெசம். மிஸ்திரி வந்து சொன்னார். நான்தான் கேக்கல."

"அதைப் போய் எல்லார் முன்னாலயும் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"அப்ப பன்னிரண்டுக்குத் தலையக் குனிங்க. மிச்சத்துக்கு நான் பெட்டி கட்ட மாட்டேன். கப்பல்ல ஏத்தணும்னா அந்த சார் வந்து என்னையத் தூக்கிட்டுப் போகட்டும்." மோர் ஊற்றினாள். "சீக்கிரம் சாப்பிடுங்க. பாய் படகு மூணு மணிக்கு வரும்."

முதலாளி வாரம் ஒருமுறை சாத்தத்திலிருந்து படகில் வருவார். அன்று வந்ததும் சூப்பர்வைசர் தாளைக் காட்டினார். முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சாமி, கையெழுத்துப் போட மாட்டீங்களாமே."

"பாய், ரெண்டு கதவைப் பிளந்து காட்டறேன். அப்புறம் சொல்லுங்க."

"பிளந்தா யாரு சேக்கிறது?"

"நான்."

"கெட்ட கதவுதானே, பிளக்கட்டும்" என்றார் முதலாளி. சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி ஏற்கெனவே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்துவிட்டார்.

மிஸ்திரி என் காதருகே குனிந்தார். "பெஹ்லே சாலீஸ் நம்பர் கோலோ, சாமி." நாற்பதாவதை முதலில் திற என்றார். நட்பில் சொன்ன யோசனை. முதலில் நான் வெல்லும் கதவைக் காட்டிவிட்டால், பிறகு என்னுடையதை யாரும் அவ்வளவு உற்றுப் பார்க்கப்போவதில்லை.

நான் இருபத்து நான்காம் எண்ணை எடுத்து மேசைமேல் கிடத்தினேன். என் குற்றத்தை இன்னொருவர் திறந்து காட்ட நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. கொட்டாப்புளியால் ஒரே தட்டு. குறுக்குச் சட்டம் முனகல்கூட இல்லாமல் கழன்று வந்தது. நாக்கின்மேல் பசை தோல் தோலாகத் திரண்டு, ஈரத்தில் இளகி, வெல்லப் பாகுபோல் ஒட்டியது. இளகும் பசையைக்கொண்டு தளர்ந்த நாக்கை நிறுத்திவிடலாம் என்று நம்பியவன் நான். நாக்கை மறுபடி துளையில் செருகி ஆட்டினேன். கிழவன் பல்போல் ஆடியது.

"பாத்தீங்களா!" என்றார் சூப்பர்வைசர். "இதைத்தானே நான் தாள்ல எழுதியிருக்கேன்!"

"ஆமாம்" என்றேன். "இது என் பிழை. அன்னைக்கு மிஸ்திரி வந்து தளர்வா இருக்குன்னு சொன்னார். எனக்கு அலுப்பு. பசை பிடிச்சுக்கும்னு சொன்னேன். பத்தொன்பதுல இருந்து முப்பது வரைக்கும் இப்படித்தான் இருக்கும். வேற எதையும் திறக்க வேண்டாம், நான் சொல்றதே போதும்."

அவ்வளவு பேர் முன்னிலையில் அதைச் சொல்வது எளிதாக இருந்தது என்று எழுதினால் பொய். மிஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாற்பதாம் எண்ணைக் கிடத்தினேன். தட்டினேன்; கழலவில்லை. மறுபடி தட்டினேன். மூலை விரல் நுழையும் அளவு திறந்திருந்தது. ஆனால் துளைக்குள் எஞ்சியிருந்த பாதி நாக்கு விடவில்லை. இறுதியில் நெடுஞ்சட்டத்தையே ரம்பத்தால் அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. உள்ளே நாக்கு மரத்தை விட்டு நழுவியிருக்கவில்லை. இறுகப் பிடித்த இடத்திலேயே நார் நாராகக் கிழிந்திருந்தது. பலகையைக் காடியிலிருந்து உருவப் பார்த்தேன். இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை. மழையில் விரிந்த பலகை போக இடமில்லாமல் சட்டங்களை இரு பக்கமும் தள்ளித் தள்ளிப் பிளந்திருந்தது.

முதலாளி எழுந்து வந்தார். கிழிந்த நாக்கைக் கட்டை விரலால் தடவினார். காடியின் அடியில் நகத்தை நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. துணி பார்க்கும் விரல் அவருடையது. மெலிவையும் இறுக்கத்தையும் அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பலகையை அடிவரைக்கும் விடச் சொன்னது யாரு?"

டீசல் இன்ஜின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"இன்ஸ்பெக்‌ஷன்ல ஆடக் கூடாதுன்னு..." என்று தொடங்கினார் சூப்பர்வைசர்.

"சரி" என்றார் முதலாளி. தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சாமி, உங்க பன்னிரண்டை நீங்க சரிபண்ணிக் கொடுங்க. மிச்சத்தைப் பத்தி சார்கிட்ட நான் பேசிக்கிறேன். புதன்கிழமைக்குள்ள யாரு கப்பல் ஏறுறதுன்னு பாப்போம்." அதில் யாருக்கு ஆறுதல், யாருக்கு எச்சரிக்கை என்று தெளிவில்லை. அவர் படகுக்குப் போய்விட்டார்.

நான்கு நாள் வேலை செய்தேன். நாக்கின் இரு கன்னங்களிலும் மெல்லிய படாக்குச் சீவல்களை, தண்ணீருக்கு இளகாத பொடிப் பசையால் ஒட்டி உலர வைத்தேன். காகித வளையங்களை அடுப்பில் போட்டேன். பால் டப்பாத் தகரத்தில் புதிய வளையங்கள் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, தட்டுகளுக்கிடையே கோத்தேன். மூன்று சட்டத்துக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்திச் சோதித்தேன். மிஸ்திரி ஒவ்வொரு நாக்கையும் முதலில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். போகவில்லை என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொட்டாப்புளியை எடுத்தார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் இருவருக்கும் பொதுவான எந்த மொழியிலும் புழங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முற்பகலில் முப்பதாம் எண் முடிந்தது. கப்பல் அன்று காலையிலேயே வந்துவிட்டதாகப் படகில் வந்தவர்கள் சொன்னார்கள். முடிந்த கதவைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினேன். என் மேசைமேல் முப்பத்தொன்றாம் எண் கிடந்தது. பக்கத்தில் அதற்கான புதிய குறுக்குச் சட்டங்கள். சூப்பர்வைசர் சற்றுத் தள்ளி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"கையோட கையா இதையும் போட்டுடும்" என்றார். குரலில் கேலி இல்லை. ஏறக்குறையப் பரிவாகவே பேசினார். "தாளெல்லாம் ஒண்ணும் வேண்டாம். கையெழுத்தும் வேண்டாம். வேலைதானே? பதினாலுதான்."

அந்தப் பரிவில்தான் எல்லாம் இருந்தது. தாளில் நான் மறுத்த கையெழுத்தை என் கையின் வேலையாக வாங்கிவிடப் பார்த்தார். இருபத்தாறு கதவுகளும் ஒரே ஆள் கையால் ஒரே மூச்சில் சரிசெய்யப்பட்டால், இருபத்தாறும் யாருடைய பிழை என்று பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

பட்டையைத் தள்ளிவிட்டேன். தண்டு முனகி முனகி நின்றது. திருகைக் கழற்றினேன். மேல் தட்டு, தகர வளையங்கள், இரும்பு வளையங்கள், கீழ்த் தட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய்த் துணியில் துடைத்து வைத்தேன். தண்டு மொட்டையாக நின்றது.

"என்ன செய்றீர்?"

"என் வேலை முடிஞ்சுது சார்."

"கப்பல் நாளைக்குக் காலையில. தெரியுமில்ல?"

"தெரியும். நான் போனா இதுக்கு முன்னால யார் நிப்பான்னும் தெரியும்." சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். பலர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். "செய்ய மாட்டேன்னு சொல்லல. பதினாலையும் செய்றேன். கூலி கூட வேண்டாம். ஆனா அது யாரோட பிழைன்னு கதவு மேல எழுதியிருக்கணும். என் பன்னிரண்டுலயும் நான் எழுதியிருக்கேன், போய்ப் பாருங்க."

அவர் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு கதவின் மேல் விளிம்பிலும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தேன்: நாக்கு மெலிந்தது, ஸ்பிண்டில்காரன் பிழை. சட்டத்தில் பொருத்தினால் மறைந்துவிடும் இடந்தான். ஆனால் நாளை எவனாவது கதவைக் கழற்றினால் தெரியும். அவர் பன்னிரண்டையும் படித்தார். ஒன்றை மட்டும் இரண்டுமுறை படித்தார்.

மிஸ்திரி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு, ஓர் உளியைத் தீட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். முதலாளியிடம் போய்ச் சொல்லலாம், படகு இருந்தது. கப்பலில் ஏற்றலாம், கப்பலும் இருந்தது. இரண்டையும் சூப்பர்வைசர் எண்ணிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. குடியிருப்புகளில் கதவில்லாத வீடுகளில் மழை உள்ளே அடித்துக்கொண்டிருந்ததும் அவருக்குத் தெரியும்.

கையை நீட்டினார். சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்தேன். முப்பத்தொன்றாம் எண்ணின் மேல் விளிம்பில் குனிந்து எழுதினார்: பலகை இறுக்கம், சூப்பர்வைசர் பிழை. எழுத்து நல்ல எழுத்து, படித்தவர் எழுத்து. எழுதி முடித்ததும் கட்டியை என் காலடியில் எறிந்தார்.

"போதுமா? ஓட்டும்."

குனிந்து அதை எடுத்தேன். ஒட்டிய தூளை வேட்டியில் துடைத்து, மறுபடி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இன்னும் பதின்மூணு இருக்கு, சார்."